இரைச்சலும் அறமும்

பிறருக்குத் தீங்கு நேருமென முன்னரே அறிந்தவன் அத்தீங்கிற்கு எவ்வளவு தூரம் பொறுப்பாளியாவான் என்பது பழைய வினா. அறியாது செய்த பிழைக்கு உலகம் ஓரளவு மன்னிப்பு வழங்கியே வந்திருக்கிறது. அறிந்து செய்த பிழைக்கு மன்னிப்பில்லை என்பதும் எல்லா நாட்டு நீதியிலும் கண்ட முடிபேயாம். ஆனால் இக்காலத்தில் இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாவதொரு நிலை தோன்றியுள்ளது. வரப்போகும் தீங்கைக் கணக்கிட்டு, அதன் அளவை எண்ணாற் குறித்து, அவ்வெண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பின்னர் அத்தீங்கை உண்டாக்குதலே அந்நிலை. இதனைக் குற்றமென்பதா? கடமையைச் செய்ததென்பதா? அன்றி, வெறுங் கணக்கென்று விட்டுவிடுவதா? இவ்வினாவை ஆகாய விமானத்தின் விசிறி எழுப்பும் இரைச்சலைக் கொண்டு ஆராய விரும்புகிறோம்.

விசிறி இரைச்சலுக்கும் அறத்துக்கும் தொடர்பென்ன என்று வாசகர்கள் நகைக்கலாம். அறம் என்றவுடன் கொலை, களவு, பொய் ஆகியவற்றையே நினைப்பது நமது வழக்கமாகிவிட்டது. ஒரு குழந்தையின் உறக்கத்தைக் கெடுப்பதும், ஒரு மாணவன் தன் ஆசிரியர் சொல்லைக் கேளாதபடி செய்வதும் அறத்தின்பாற் படா என்று யார் கூற வல்லார்? சற்றுப் பொறுத்து நம்மோடு வருமாறு வேண்டுகிறோம்.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் வாழ்வோருக்கு ஓசை புதிதன்று. 1881-ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அந்நகரை அழித்த பின்னர், மரமும் ஓலையும் கொண்டு கட்டிய வீடுகளுக்குப் பதிலாகச் செங்கற் கட்டடங்கள் எழுந்தன. அச்செங்கற்களைச் சுட்ட சூளைகளே இவ்விடத்திற்குப் பெயர் தந்தன. சூளைக்குப் பின் இருப்புப்பாதை வந்தது. தமிழ்நாட்டினின்றும் யாழ்ப்பாணத்தினின்றும் வந்த நம் முன்னோர் பலர் ரயில்வே ஊழியராய் இங்கே குடியிருந்தனர். வண்டிப் பெட்டிகள் மோதி இணையும் ஓசையினூடே அவர்தம் மக்கள் உறங்கக் கற்றனர். அக்காலத்து ரயில்வேக்களில் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் தொழிலாளி ஒருவன் இருப்பான். நல்ல சக்கரம் மணிபோல ஒலிக்கும். வெடிப்புற்ற சக்கரம் மழுங்கி ஒலிக்கும். கண்ணுக்குப் புலப்படாத பழுதைக் காது காட்டிக் கொடுத்தது. ஆகவே ஓசை என்பது பொறியின் வாக்குமூலம் என்பதை நம்மவர் படிப்பினாலன்றித் தொழிலினாலேயே அறிந்திருந்தனர்.

இவ்வட்டாரத்திற்கு ஓசையோடு மற்றோர் உறவும் உண்டு. 1951-ல் நிறுவப்பெற்ற மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இங்கேதான் தன் பணியை நடத்தி வருகிறது. அதனால் கண்ணொளி இழந்த மக்கள் பலர் இத்தெருக்களில் வாழ்கின்றனர்; தொழில் புரிகின்றனர்; வெள்ளைக் கோலை ஊன்றி நடந்து செல்கின்றனர். சாலையோரத்தில் ஒருவர் நிற்பதைக் காண்கிறோம். வண்டி வருகிறதா, எத்திசையினின்று வருகிறது, எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பவற்றையெல்லாம் அவர் காதினாலேயே காண்கிறார். அருகில் ஒரு பேரிரைச்சல் எழுந்தவுடன் அவர் கோலைத் தூக்காது நின்றுவிடுகிறார். நமக்கு அவ்விரைச்சல் தொல்லை. அவருக்கோ அது, நம் கண்களின்மீது ஒருவன் திடீரெனத் துணியைக் கட்டியது போன்றதாம். இரைச்சல் வெறும் எரிச்சலே என்போர் அவர் அருகில் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

பழைய வண்டிப் பெட்டித் திடல் இருந்த இடத்தில் 2001-ல் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அங்கிருந்து செபாங் விமான நிலையத்திற்கு விரைவு ரயில் ஓடத் தொடங்கிற்று. 28 நிமிடப் பயணம். குளிர்ந்த பெட்டியில், அருகிருப்பவர் மெல்லப் பேசுவதும் கேட்கும் அமைதியில், பிரிக்பீல்ட்ஸ்வாசி விமானம் ஏறச் செல்கிறான். சென்னைக்கோ, திருச்சிக்கோ, கொழும்புக்கோ பறக்கிறான். அவன் செல்லும் பயணத்தின் இன்பம் அவனுடையது. அப்பயணத்தின் இரைச்சலோ, அவன் ஒருபோதும் பார்த்திராத ஒருவருடைய கூரையின்மீது விழுகின்றது. இந்த 'அவன்' வேறு யாருமல்லன், நாமேதான். ஆதலின் இக்கட்டுரையைப் பொறியியலாரைக் குறைகூறுதற்காக நாம் எழுதவில்லை. நம்மை நாமே கேட்டுக்கொள்வதற்காகவே எழுதுகிறோம்.

முதற்கண், அவ்விரைச்சல் எங்கிருந்து பிறக்கிறதென அறிதல் வேண்டும். தொடக்க கால ஜெட் இயந்திரங்களில் இரைச்சலுக்குத் தலையாய காரணம், பின்புறம் பீறிட்டுப் பாயும் வெப்பக் காற்றே. 1952-ல் மான்செஸ்டர்ப் பல்கலைக் கழகத்திலிருந்த ஜேம்ஸ் லைட்ஹில் ஒரு விதியை நிறுவினார். பாயும் காற்றின் வேகம் கூடக் கூட, அதன் ஓசையாற்றல் அவ்வேகத்தின் எட்டாம் படியாகப் பெருகும் என்பதே அது. வேகத்தைப் பாதியாக்கின் ஓசையாற்றல் 256-ல் ஒரு பங்காகக் குறையும். இவ்வொரு விதி வழியைக் காட்டிவிட்டது. சிறிதளவு காற்றை மிக விரைவாகத் தள்ளுவதைக் காட்டிலும், பெருமளவு காற்றை மெல்லத் தள்ளுவதே நலம். எரிபொருளும் மிச்சம், இரைச்சலும் குறைவு. எனவே இயந்திரத்தின் முன்னே பெரியதொரு விசிறியை வைத்தனர். காற்றிற் பெரும்பகுதி தீயினூடு செல்லாது, அதனைச் சுற்றிக்கொண்டு வெளியேறுகிறது. இன்றைய இயந்திரங்கள் சிலவற்றில், உள்ளே செல்லும் காற்று ஒரு பங்கெனின், சுற்றிச் செல்வது பன்னிரண்டு பங்காகும்.

பின்புறத்து முழக்கம் தணிந்தது. தணிந்தவுடன், அதுவரை அதனுள் மறைந்திருந்த மற்றோர் ஓசை வெளிப்பட்டது. அதுவே விசிறியின் ஓசை. பெரியவர் பேச்சை நிறுத்தியபின் சிறுவர் அழுகை கேட்பது போன்றது இது. விமானம் தரையை நோக்கி இறங்கும்போது வீட்டின்மேல் கேட்கும் கூர்மையான ஊளையில் விசிறிக்கே பெரும் பங்குண்டு.

விசிறி எவ்வாறு ஒலிக்கிறது? அதன் இறகுகள் இருபதென்றும், அது விநாடிக்கு 60 முறை சுழல்கிறதென்றும் கொள்வோம். ஓரிடத்தை விநாடிக்கு 1200 இறகுகள் கடக்கும். அந்த 1200 அதிர்வே ஊளையின் அடிப்படைச் சுருதி. ஆனால் இறகு கடப்பதனால் மட்டும் பேரோசை எழுந்துவிடுவதில்லை. விசிறிக்குப் பின்னே சுழலாத நிலைத் தகடுகள் வரிசையாக நிற்கின்றன. சுழன்று வரும் காற்றை நேராக்குதல் அவற்றின் வேலை. ஓடும் படகின் பின்னே நீரில் ஒரு சுவடு கிடப்பதுபோல, ஒவ்வோர் இறகின் பின்னும் காற்றில் ஒரு சுவடு கிடக்கிறது. அச்சுவடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நிலைத் தகடுகளை அறைகின்றன. ஒவ்வோர் அறையும் தகட்டின்மேல் ஒரு விசையின் ஏற்றத்தாழ்வு, அவ்வேற்றத்தாழ்வே ஓசை.

1962-ல் பிராட் அண்டு விட்னி நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் டைலர், தாமஸ் சோஃப்ரின் என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறையின் மூலநூல் போன்றது. வேலிக் கம்பிகளின் ஊடே ஓடும் வண்டிச் சக்கரத்தைப் பார்ப்பவனுக்கு, ஆரங்கள் சக்கரத்தின் வேகத்திற் சுழலாது, வேறொரு வேகத்திற் சுழல்வதுபோலத் தோன்றுமல்லவா? அதுபோலவே, சுழலும் இறகுகளும் நிற்கும் தகடுகளும் சேர்ந்து குழலுக்குள் ஓர் ஓசைக் கோலத்தை உண்டாக்குகின்றன. அக்கோலம் தனக்கென ஒரு வேகத்திற் சுழல்கிறது. இறகு 20, தகடு 18 எனின், கோலம் விசிறியைப் போலப் பத்து மடங்கு வேகத்திற் சுழலும். அவ்வளவு விரைந்து சுழலும் கோலம் குழலைக் கடந்து வெளியே பாயும். தகடுகளை 46 ஆக்கினாலோ, கோலத்தின் வேகம் விசிறியின் வேகத்தில் முக்காற் பங்களவே ஆகும். விமானம் இறங்குகையில் விசிறி மெதுவாகச் சுழலுமாதலின், அக்கோலம் ஒலியின் வேகத்தை எட்டாது. குழலுக்குள்ளேயே தேய்ந்து மறைந்துபோம். எதையும் மூடவில்லை, எதையும் அடைக்கவில்லை. எண்ணிக்கையை மாற்றினர், முதற் சுருதி அடங்கிற்று. அதன் இரட்டைச் சுருதி அப்பொழுதும் வெளியேறும் என்பதையும் அதே கணக்கு மறையாது கூறுகிறது. அதற்கு வேறு மருந்து தேட வேண்டும்.

மற்றொரு செய்தியும் கேளுங்கள். விமானம் கிளம்பும்போது விசிறியின் நுனி ஒலியினும் விரைவாகச் செல்கிறது. ஒவ்வோர் இறகின் முன்னும் ஓர் அதிர்ச்சி அலை எழுகிறது. இறகுகள் அனைத்தும் அச்சிற் பெற்றவைபோல ஒத்திருப்பின், முன்சொன்ன ஒரே சுருதிதான் கேட்கும். ஆனால் மனிதன் செய்த எந்த இரு பொருளும் முற்றும் ஒத்தில. மயிரிழை வேறுபாட்டினால் ஓர் அலை சற்று வலிதாகிறது. வலிய அலை மெலிய அலையை எட்டிப் பிடித்து விழுங்குகிறது. முடிவில், ரம்பத்தால் மரம் அறுப்பது போன்ற கரகரப்பான ஓசை எழுகிறது. சிறகுக்கு முன்வரிசையில் அமர்ந்து பயணம் செய்தோர் இதனைக் கேட்டிருப்பர். அளவிடற்கரிய சிறு பிழை, ஊர் கேட்கும் ஓசையாக வளர்கிறதென்பதை இதனினும் தெளிவாக யார் காட்ட இயலும்?

இனி நம் வினாவிற்குத் திரும்புவோம். ஓசையை முன்னறிவதற்கு இரண்டு வழிகள் உள. ஒன்று, பழைய விசிறிகள் பலவற்றின் ஓசையை அளந்து, அவ்வளவுகளினூடே ஒரு கோட்டை வரைந்து, புதிய விசிறி இவ்வளவு ஒலிக்குமெனக் கூறுதல். 1970-களில் அமெரிக்காவின் நாசாவில் ஹைட்மான் என்பார் தொகுத்த முறை இவ்வகையைச் சார்ந்தது. பின்னரும் நெடுங்காலம் பயன்பட்டது. மற்றொன்று, சுவடு எவ்வாறு தகட்டை அறைகிறது, கோலம் எவ்வாறு சுழல்கிறது எனக் காரணத்தினின்று காரியத்தைக் காணுதல். முன்னது எளிது, விரைவானது, பழையவற்றை ஒத்த விசிறிக்கு நன்றாகவே விடை தரும். ஆனால் வடிவம் பெரிதும் மாறிய விசிறி வந்தால் அது வழுக்கும். அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. ஓசை எவ்வளவென்று அது கூறும். ஓசை ஏன் என்று கூறாது. ஏன் என்று அறியாதவன் எதனை மாற்றுவான்?

இவ்விடத்தேதான் அறிவின் வேறுபாடு அறத்தின் வேறுபாடாக மாறுகிறது என்பது நம் கருத்து. துன்பத்தின் அளவை மட்டும் அறிந்தவனுக்கு ஒரே செயல்தான் இயலும். அத்துன்பத்தை யார் தலையில் வைப்பதென்று தீர்மானித்தலே அது. துன்பத்தின் காரணத்தை அறிந்தவனுக்கோ அதனைக் குறைத்தலும் இயலும். முன்னவன் பங்கிடுகிறான், பின்னவன் நீக்குகிறான். காரணம் தெரிந்த பின்னரும் பங்கிடுதலோடு நின்றுவிடுபவனை நாம் அறியாதவன் என்று மன்னிக்க இயலாது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் வரலாற்றையே பாருங்கள். பிரிக்பீல்ட்ஸுக்குத் தெற்கே சுங்கை பீசியில்தான் முன்பு கோலாலம்பூரின் விமான நிலையம் இருந்தது. நகரம் வளர்ந்தது, ஜெட் விமானங்கள் வந்தன, 1965-ல் நிலையம் சுப்பாங்கிற்குச் சென்றது. சுப்பாங்கைச் சுற்றியும் ஊர்கள் நெருங்கின. 1998-ல் அது மேலும் தெற்கே, செபாங்கிற்குச் சென்றது. இடமும் வசதியும் வேண்டியே பெரிதும் இம்மாற்றங்கள் நிகழ்ந்தன என்பதை மறுக்கவில்லை. எனினும், நிலையம் சென்ற இடமெல்லாம் இரைச்சலும் உடன் சென்றது. அந்நிலையத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்காக 1995-ல் புக்கிட் தாம்போயில் வாழ்ந்த தெமுவான் மக்களின் நிலம் எடுக்கப்பட்டது. அவர்கள் வழக்காடினர். 2002-ல் உயர் நீதிமன்றமும், 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அம்மண்ணில் அவர்க்குள்ள உரிமையை ஒப்புக்கொண்டன. 'ஆளில்லா இடத்திற்குக் கொண்டு போனோம்' என்று நகரவாசி கூறுகையில், அவ்விடத்திலும் ஆள் இருந்தனர் என்பதை இவ்வழக்கு நினைவூட்டுகிறது. பல்லாண்டுகள் சுழல்விசிறிச் சிறு விமானங்களே பயணிகளை ஏற்றிச் சென்ற சுப்பாங்கிற்கு, 2024 ஆகஸ்டில் ஜெட் பயணச் சேவைகள் திரும்பி வந்தன. ஆக, பாரத்தை ஒரு தோளினின்று மறு தோளுக்கு மாற்றி, மீண்டும் முதல் தோளுக்கே கொண்டுவந்தாயிற்று.

இவ்வாறு மாற்றுவதனால் விளைவது என்னவென்பதற்கு ஜெர்மனியில் ஒரு சான்று கிடைத்திருக்கிறது. 1992-ல் மூனிச் நகரின் பழைய விமான நிலையம் மூடப்பட்டு, வேறோரிடத்தில் புதிய நிலையம் திறக்கப்பட்டது. ஹிக்கே, எவன்ஸ், புலிங்கர் என்னும் ஆராய்ச்சியாளர் மூவர் இரண்டிடத்துக் குழந்தைகளையும் மாற்றத்திற்கு முன்னும் பின்னும் சோதித்து, தம் முடிபுகளை 2002-ல் வெளியிட்டனர். பழைய நிலையத்தின் அருகிருந்த குழந்தைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் இரைச்சல் நின்றபின் தேறின. புதிய நிலையத்தின் அருகிருந்த குழந்தைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் தாழ்ந்தன. ஓரூர்ப் பிள்ளைகளின் கல்வியை எடுத்து மற்றோரூர்ப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது போலாயிற்று. தேறினவர் மகிழலாம். ஆனால் தாழ்ந்தவரின் பெற்றோர் முன்னே நின்று, 'கணக்குச் சரியாகிவிட்டது' என்று கூற யாருக்கு மனம் வரும்?

'விமான நிலையத்தின் அருகே குடியேறச் சொன்னது யார்? பொறுக்காதவர் வேறிடம் செல்லட்டுமே' என்பாரும் உளர். செல்வமுள்ளவன் செல்வான். வாடகை மலிவென்று வந்தவன் எங்கே செல்வான்? நிலையம் வருமுன்னரே அங்கிருந்தவன் ஏன் செல்ல வேண்டும்? 'பல்லாயிரவர் நன்மைக்காகச் சிலர் பொறுத்தல் கூடாதா?' என்பார் வேறு சிலர். பொறுத்தல் என்பது பொறுப்பவன் தானே விரும்பி ஏற்பது. கேளாது சுமத்திவிட்டு அதற்குப் பொறுமை என்று பெயரிடுதல், கடன் வாங்கியவனே கடன் கொடுத்தவனின் தாராளத்தைப் புகழ்வது போன்றதாம்.

மூன்றாவது வாதம் வலிவுடையது, அதனை மதிக்கிறோம். 'பொறியியலார் தம் கடமையை ஆற்றியே வருகின்றனர். இறகுக்கும் தகட்டிற்கும் இடைவெளி கூட்டினர். தகடுகளைச் சாய்த்தும் வளைத்தும் வைத்தனர். குழலின் உட்சுவரில் நுண்துளைத் தகடும் அதன்பின் தேன்கூட்டறைகளும் பதித்து ஓசையை உறிஞ்சச் செய்தனர். 2016-ல் சேவைக்கு வந்த ஓர் இயந்திரத்தில் பல்சக்கரத்தின் உதவியால் விசிறியை மூன்றிலொரு பங்கு வேகத்திற் சுழலச் செய்தனர். ஒரு விமானம் எழுப்பும் இரைச்சல் முன்னையினும் மிகக் குறைந்துள்ளது. இனி என்ன வேண்டும்?' என்பதே அவ்வாதம். இதிற் பொய்யில்லை. நாம் முன்சொன்ன காரண அறிவின் வெற்றியே இது. ஆனால் டெசிபெல் கணக்கில் 3 குறைந்தாற்றான் ஓசையாற்றல் பாதியாகும். ஒவ்வொரு விமானமும் 3 டெசிபெல் அடங்கி, விமானங்களின் தொகை இரட்டித்தால், நாட்சராசரி இருந்த இடத்திலேயே நிற்கும். மேலும் மனிதன் சராசரியைக் கேட்பதில்லை. நள்ளிரவில் விழித்த தாய், தன்னை எழுப்பிய ஒரு விமானத்தையே கேட்கிறாள். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் ஐரோப்பாவிற்கென வெளியிட்ட வழிகாட்டியில், விமான இரைச்சல் நாள் முழுதும் சேர்த்த கணக்கில் 45 டெசிபெலுக்குக் கீழும், இரவில் 40-க்குக் கீழும் இருத்தல் வேண்டுமென்று இரவிற்குத் தனிக் கணக்கு வைத்ததன் பொருள் இதுவே.

அங்ஙனமாயின் அளவீடே பயனற்றதோ? அன்று. அளவீட்டிற்குள் கேட்பவனை நுழைத்த ஒரு நல்ல கதையும் இத்துறையில் உண்டு. 1950-களின் இறுதியில் ஜெட் விமானங்கள் நியூயார்க்கிற்கு வரத் தொடங்கிய காலம். பழைய கருவியால் அளந்தபோது, ஜெட்டும் பழைய விமானமும் சில வேளை ஒரே அளவு காட்டின. மக்களோ ஜெட்டே தாங்கொணாததென்றனர். கருவியை நம்புவதா? மக்களை நம்புவதா? கார்ல் கிரைட்டர் என்பார், மனிதரை அமர்த்தி ஓசைகளைக் கேட்பித்து, அவர் கூறிய தீர்ப்பினின்றும் புதிய அளவுமுறை ஒன்றை 1959-ல் வகுத்தார். கூரிய ஓசை மனிதனை மிகுதியாக வருத்துகிறது என்ற உண்மை அம்முறையில் இடம்பெற்றது. பின்னர் அதனோடு, ஊளைபோலத் தனித்து நிற்கும் சுருதிக்குத் தண்டனை எண்ணும் சேர்க்கப்பட்டது. 1971-ல் சர்வதேச வான்போக்குவரத்து அமைப்பு விமான இரைச்சலுக்கு விதிகள் வகுத்தபோது, அம்முறையே அவற்றிற்கு அடிப்படையாயிற்று. இன்றும் ஒரு புதிய விமானம் சான்றிதழ் பெற, குறித்த மூன்றிடங்களில் ஒலிவாங்கி வைத்து அம்முறையிலேயே அளக்கின்றனர். அவ்விதிகள் 2006-லும், பெரிய விமானங்களுக்கு 2017-லும் மேலும் இறுக்கப்பட்டன. மக்களின் முறையீட்டைக் கருவியின் பிழையென்று தள்ளாது, கருவியையே திருத்தியது அறிவுக்கு அழகு. விசிறியின் ஊளையைக் குறைக்கப் பொறியியலார் இவ்வளவு உழைத்ததற்கு, அந்தத் தண்டனை எண்ணும் ஒரு காரணம். சட்டத்திற்குக் காது முளைத்தது. இயந்திரத்தின் வடிவம் மாறிற்று.

இதினின்றும் நாம் பெறும் முடிபு யாது? முன்னறிவு நடுநிலையானதன்று. தீங்கின் அளவை ஒருவன் தாளில் எழுதிய அக்கணமே அவன் பொறுப்பு தொடங்கிவிடுகிறது. அத்தாளை யாரிடம் காட்டவேண்டும்? அனுமதி தரும் அலுவலரிடம் மட்டுமன்று. கேட்கப்போகும் மக்களிடமும் காட்டவேண்டும். எத்தெருவில், எந்நேரத்தில், எத்தனை விமானங்கள், எவ்வளவு ஓசை என்பதை, அவர் அறியும் மொழியில், முடிவு செய்யுமுன்னர் கூறுதல் வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் அம்மொழி மலாயும், சீனமும், தமிழும், ஆங்கிலமும் ஆகும். வரைபடத்தில் ஒரு கோடு வரைந்து, கோட்டின் இப்புறம் துன்பம், அப்புறம் இன்பம் என்று கூறுதல் போதாது. கோட்டின் இருமருங்கிலும் வீடு உண்டு. வீட்டில் காது உண்டு.

காரணம் அறிந்தவர்க்கு அடுத்த கடமை. குறைக்க வல்ல வழி இருந்தும், செலவென்று அதனை ஒத்திப் போடுதல், அச்செலவைக் கேட்பவன் உறக்கத்தினின்று வசூலித்தலேயாம். நுழைவரி போடுவதற்குச் சட்டம் வேண்டும். உறக்கத்தின்மேல் வரி போடுவதற்கு மட்டும் எச்சட்டமும் வேண்டாவோ?

இறுதியாக, பறக்கும் நமக்கும் கடமையுண்டு. நாம் விசிறியைச் செய்யவில்லை, தகட்டை எண்ணவில்லை. ஆயினும் நள்ளிரவு விமானத்தில் சீட்டு மலிவென்று வாங்கும்போது, அம்மலிவில் ஒரு பகுதியை யாரோ விழித்திருந்து செலுத்துகிறார் என்பதையாவது நினைத்தல் வேண்டும். இரவுப் பறத்தலைக் கட்டுப்படுத்த வேண்டுமென்று ஓரூர் மக்கள் கேட்கையில், 'வளர்ச்சிக்கு இடையூறு' என்று நாமே முதலில் கூவாதிருத்தல் வேண்டும். பிறர் வாயிலாக நேரும் தீங்கென்பதால் அது நம் தீங்கன்று என ஆகிவிடாது.

மாலையில் பிரிக்பீல்ட்ஸ் சாலையோரத்தில் வெள்ளைக் கோலோடு நின்றவரை மீண்டும் நினைக்கிறோம். இரைச்சல் அடங்கியது. அவர் தலையைச் சற்றே சாய்த்துக் கேட்டார், கோலை முன்னே நீட்டினார், சாலையைக் கடந்தார். அவருக்கு யாரும் கை கொடுக்கவில்லை. கை தேவைப்படவும் இல்லை. அவர் வேண்டியது கேட்பதற்குச் சிறிது இடமே. அவ்விடத்தைப் பிறர்க்கு விட்டுக் கொடுத்தலும், அதனைப் பறிக்கும் பொறியின் காரணத்தைத் தேடி அறிதலும், அறிந்த பின் வாளாவிராமையும் மனிதக் கடமைகளில் வைத்து எண்ணத்தக்கவை என்பதே நம் துணிபு.